ஆடி பாய் கடை இன்று விடுமுறை

செஞ்சியில் பிறந்து, செஞ்சியிலேயே கடை போட்டு, ஒரு நாள்கூடச் செஞ்சி நேரப்படி வாழாத ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஆடி பாய். இந்த ஊர்க் கோட்டையை யார் யாரோ பிடித்தார்கள், யார் யாரோ விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருத்தராலும் ஊர்க்காரர்களுக்கு ஒரு புதுப் பண்டிகையைப் பழக்க முடியவில்லை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த இந்த மனுஷன், ஆப்பிரிக்காவில் இருக்கிற ஒரு தலைநகரத்தின் அத்தனை பண்டிகைகளையும் கொண்டுவந்து திருவண்ணாமலை ரோட்டில் ஒரு சின்னக் கடைக்குள் இறக்கினார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வருஷம் முழுக்க லீவே விடுவதில்லை. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. பள்ளிவாசலில் கேட்டால் சொல்வார்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை. எத்தியோப்பியா தலைநகரம் அடிஸ் அபாபாவில் ஒரு துணி மில்லில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். வந்த புதிதில் வாயைத் திறந்தால் "எங்க அடிஸ்ல..." என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அடிஸ் பாய் ஆனார். கிராமத்திலிருந்து மோட்டார் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதை இழுத்து ஆடி பாய் ஆக்கினார்கள். அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற வசூல் வந்த பெண்கள், பெயரை நம்பி முதலில் அவர் கடைக்குத்தான் போனார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

நான் பக்கத்துக் கடை. மூக்குக்கண்ணாடி வியாபாரம். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். அவர் அந்தப் பக்கம் வார்னிஷ் அடித்தால் என் பக்கம் வாடிக்கையாளர் கண்ணில் தண்ணீர் வரும். பவர் சோதிக்க உட்கார்ந்தவர், எழுத்தே தெரியவில்லை என்று அழுதுகொண்டே சொல்வார். இப்படி நான் தேவையில்லாமல் விற்ற கண்ணாடிகள் இந்த வட்டாரத்தில் எத்தனை மூக்கில் உட்கார்ந்திருக்கின்றனவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் அவர் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுவார்களாம். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. பாய் தன் கடைச் சுவரில் அந்தக் கணக்கில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். நமக்குக் காலை ஒன்பதரை என்றால் அதில் ஒரு மணி. "மோட்டார் எப்ப பாய் கிடைக்கும்?" என்று கேட்டால் சுவரைப் பார்த்து "நாலு மணிக்கு வா" என்பார். மனிதன் நம்பி நாலு மணிக்கு வந்தால், மத்தியானம் பன்னிரண்டரைக்கே கட்டி முடித்து வைத்ததை இவ்வளவு தாமதமாக எடுக்க வருகிறாயே, பயிர் மேல் அக்கறை இல்லையா என்று திட்டு விழும். அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அந்தக் கடிகாரத்தைக் கல்லால் அடிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். கல் குறி தவறினால் என் கடைக் கண்ணாடியில் விழும் என்பதுதான் காரணம்.

மணியாவது பரவாயில்லை. அந்த ஊரில் வருஷமே நமக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் நடக்கிறதாம். மாதம் பதிமூன்றாம். கடைசி மாதத்துக்கு ஐந்தே நாளாம், சில வருஷம் ஆறாம். பாய் இதைக் கடை சொந்தக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். "அப்ப வாடகையும் பதிமூணு மாசத்துக்கா?" என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு பாய் அந்த மாதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

இப்போது லீவுக்கு வருகிறேன். தீபாவளிக்குக் கடை திறந்திருக்கும். பொங்கலுக்குத் திறந்திருக்கும். ஊரே பூட்டிக் கிடக்கிற நாளில் ஆடி பாய் ஒருவர் மட்டும் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். பொங்கல் முடிந்து நாலு நாளில், விவசாயிகள் எரிந்துபோன மோட்டாரோடு வரிசை கட்டும்போது ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும்: 'இன்று விடுமுறை. ஞானஸ்நானப் பண்டிகை.' செப்டம்பரில் புது வருஷம் என்று லீவு. அந்த மாதக் கடைசியில் சிலுவையைக் கண்டெடுத்த நாள் என்று லீவு. ஜனவரி முதல் வாரம், எல்லோரும் கொண்டாடி முடித்துக் கேக்கெல்லாம் காய்ந்துபோன பிறகு, கிறிஸ்துமஸ் என்று லீவு. மார்ச்சில், படையெடுத்து வந்த வெள்ளைக்காரனை அந்த ஊர் ஜனங்கள் சண்டை போட்டு ஜெயித்த நாள் என்று லீவு.

ரம்ஜானுக்கு வேறு கூத்து. பிறை சில வருஷம் அங்கே ஒரு நாள் முன்னால் தெரிந்துவிடும். இங்கே ஊரோடு நோன்பு இருந்துகொண்டே, அங்கே பெருநாள் என்று கடையை மூடிவிடுவார். மறுநாள் செஞ்சிக்குப் பெருநாள். தொழுகை முடித்து, புதுச் சட்டையோடு நேரே வந்து கடையைத் திறந்து மோட்டாரைப் பிரிப்பார். பள்ளிவாசல் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எதற்கு இப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"அவளுக்கு இன்னிக்கு லீவு."

அவள் என்பது அல்மாஸ். பாயின் மனைவி. மில்லில் வேலை செய்தபோது அந்த ஊரிலேயே கட்டிக்கொண்டார். இங்கே பாயின் அம்மா விழுந்து படுக்கையானதும் இவர் ஓடிவந்தார். அங்கே அல்மாஸின் அம்மாவும் படுக்கைதான். இவர் தாயை விட்டுப் போக முடியாது, அவள் தாயை விட்டு வர முடியாது. இதற்கு நடுவில் மில்லையும் மூடிவிட்டார்கள். அல்மாஸ் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன்னால் போய், இருட்டிய பிறகு திரும்புவாள். உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு எரியும். அரசாங்க லீவு விட்டால்தான் அணையும். அன்றைக்குத்தான் அவள் பொழுதோடு வீட்டில் உட்கார்ந்து புருஷன் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். அந்த நாளில் இவர் இங்கே கடையைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ காயில் கட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

அல்மாஸ் என்ற பெயரைக் கேட்டதும் பள்ளிவாசல் பெரியவர்கள், நம்ம பிள்ளைதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பாய் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் பெரியவர் ஒருவர் வீடியோ காலில் அல்மாஸைப் பார்த்துவிட்டு, நேரே என் கடைக்கு வந்து, மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் கழுத்தில் சிலுவை மாதிரி ஏதோ தெரிகிறது, பவர் ஏறிவிட்டதா பார் என்றார். ஏறித்தான் இருக்கும் என்று சொல்லிப் புதுக் கண்ணாடி போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வீடியோ கால் பக்கமே வரவில்லை.

லீவு நாளில் கடைக்குள் நடப்பது தனிக் காட்சி. பாய் குளித்து, ஓரத்தில் வண்ணக்கரை போட்ட வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்த்தால் பெண் வீட்டுச் சம்பந்தி என்று தோன்றும். தரை முழுக்கப் பச்சைப் புல்லை விரித்திருப்பார். அந்த ஊரில் பண்டிகை என்றால் வீட்டுக்குள் புல் விரிக்க வேண்டுமாம். அந்த ஊர் மாடுகள் எப்படியோ தெரியாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு மாடுகளுக்குத் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கடைக்குள் புல் இருக்கிறது என்ற செய்தி உடனே போய்விடும். பாய் புது வருஷம் கொண்டாடும்போது வாசலில் கம்போடு காவல் நிற்பது என் வேலை. என்னை நம்பி வந்தவர்கள் பார்வை சோதிக்கக் காத்திருப்பார்கள்.

புல் மேல் ஸ்டவ்வை வைத்துப் பச்சைக் காபிக்கொட்டையை வறுப்பார். கொட்டை பாண்டிச்சேரியிலிருந்து வரும். வறுத்து, இடித்து, நீளக் கழுத்து வைத்த கறுப்பு மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, சாம்பிராணி போட்டு, பிடி இல்லாத சின்னக் கப்பில் ஊற்றுவார். மூன்று சுற்று. முதல் சுற்றுக்கு ஒரு பெயர், இரண்டாவதுக்கு ஒரு பெயர். மூன்றாவதுக்கு 'பரக்கா' என்று பெயர். நம்ம பரக்கத்துதான் அது, ஆண்டவன் அருளு, மூணாவது குடிக்காம எழுந்து போனா அந்த வூட்டு பரக்கத்து குடிச்சவனுக்குச் சேராது என்பார். போனை காயில் சுற்றும் மிஷின் மேல் சாய்த்து வைத்திருப்பார். அங்கே அல்மாஸும் அதே நேரம் அவள் வீட்டில் ஒரு கூஜாவை வைத்துக்கொண்டு ஊற்றுவாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குடிப்பார்கள்.

எனக்குக் காபி பிடிக்காது. குடித்தால் நெஞ்சு எரியும். பாயிடம் சொல்லிப் பார்த்தேன். நெஞ்சு எரியறது காபியால இல்ல, வயிறு காலியா இருக்கறதால என்று சொல்லிச் சோளப்பொரியை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். காபிக்குப் பொரி தொட்டுக்கொள்ளும் வழக்கமும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

இந்தக் காட்சிக்குள்தான் ஒருநாள் தொண்டூரார் வந்து விழுந்தார். தொண்டூர்க்காரர், பெரிய குரல், சின்ன நிலம். நிலம் முழுக்க மணிலா, அதாவது வேர்க்கடலை போட்டிருந்தார். கடலை பிடிக்கிற பருவத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. மழையும் ஏமாற்றிவிட்டது. மோட்டாரைத் தோளில் தூக்கி வந்து வாசலில் தொம்மென்று வைத்தார். அன்றைக்குச் சிலுவையைக் கண்டெடுத்த நாள்.

"இன்னா லீவு இன்னிக்கு?"

"சிலுவையைக் கண்டெடுத்த நாளு."

"யாரு தொலைச்சது?"

"அது ரொம்பப் பழைய கதை, தொண்டூராரே."

"அதான் கிடைச்சுப்போச்சு இல்ல? அப்பால இன்னாத்துக்கு லீவு? எழுந்து வந்து மோட்டாரைப் பாரு."

பாய் அவர் கையில் ஒரு கப்பைக் கொடுத்தார். அந்த நேரம் போன் அடித்தது. அல்மாஸ் தெரிந்தாள். வட்ட முகம், தலையில் வெள்ளைத் துணி. அவளுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். பாய் கற்றுக்கொடுத்தது. போனில் யார் முகம் தெரிந்தாலும் அதைச் சொல்வாள். தொண்டூராரைப் பார்த்ததும் சொன்னாள்.

"சாப்டியா?"

எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது போலவே, கடைசியில் கொஞ்சம் இழுத்துக் கேட்டாள். தொண்டூரார், இன்னும் சாப்பிடவில்லை, உன் வீட்டுக்காரன் மோட்டார் கட்டித் தராமல் லீவு விட்டுவிட்டான், கடலை காய்கிறது, வீட்டில் சோறு இறங்கவில்லை என்று அவளிடமே எல்லா முறையீட்டையும் வைத்தார். பாய் அதை அவள் பாஷையில் மாற்றிச் சொன்னார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். என்ன சொன்னீர்கள் என்று நான் பின்னால் கேட்டேன். அண்ணன் உனக்குப் பண்டிகை வாழ்த்து சொல்றாரு என்று சொன்னாராம்.

தொண்டூரார் முதல் கப்போடு எழுந்துவிட்டார். பரக்கா இருக்குது, உக்காரு என்று பாய் கையைப் பிடித்தார். ஒரு கப்புக்கே நெஞ்சு படபடக்கிறது, உன் பரக்கா வந்தால் என்னை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் பாய் மோட்டாரைக் கட்டிக் கொடுத்தார். ஆனாலும் அந்த வருஷக் கடலை பாதிக்கு மேல் உள்ளே பருப்பில்லாத பொக்கு. தொண்டூரார் அதை மறக்கவில்லை. எப்போது வந்தாலும், சிலுவை என் கடலையைத் தின்னுடுச்சு என்று கடைத்தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். ஆனால் மோட்டார் எரிந்தால் வேறு கடைக்குப் போகமாட்டார். மெல்ல மெல்ல அவருக்குப் பாயின் லீவெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஜெயித்த நாள் லீவு மட்டும் அவருக்குப் பிடிக்கும். நாமளும் இத்தனை பெரிய கோட்டையை வச்சிருக்கோம், நமக்கு அந்த மாதிரி ஒரு நாளு லீவு இருக்குதா பாரு என்று குறைப்படுவார்.

சிலுவைப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பாய் ஒரு கம்பத்தை நட்டு, சுற்றி விறகை அடுக்கி, கோட்டை மலையடிவாரத்தில் பறித்து வந்த ஆவாரம்பூவைக் கட்டிக் கொளுத்துவார். பாய் சொக்கப்பனை கொளுத்தறாரு என்று தெருவே கூடும். அந்த ஊரில் இதற்கு ஒரு நம்பிக்கை உண்டாம். நடுக்கம்பம் எரிந்து எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதை வைத்து வருகிற வருஷம் எப்படி என்று சொல்வார்களாம். பாய் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். மேற்கே சாய்ந்தால் அடுத்த வருஷம் அவர் அல்மாஸிடம் போய்விடுவார். கம்பம் வடக்கே சாய்ந்தது. தெற்கே சாய்ந்தது. ஒரு வருஷம் சாயவே சாயாமல் நின்ற வாக்கில் சாம்பலானது. மேற்கே மட்டும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மாசி மாதத்தில் பாயின் அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் பாய் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தார். அங்கே அல்மாஸின் அம்மா அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இறந்திருந்தார். கேண்டீன் கம்பெனியில் பாய்க்கு ஒரு வேலைக்கு அல்மாஸ் சொல்லி வைத்திருந்தாள். செப்டம்பரில், அவர்கள் புது வருஷத்தன்று முடிவைச் சொல்வதாகப் பேச்சு. அவள் வா என்று சொன்னதும் டிக்கெட். பாய் மிஷினை விற்க ஆள் பார்த்தார். கடிகாரத்தை எனக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், எனக்கு இருக்கிற வாடிக்கையாளர்களாவது மிஞ்சட்டும் என்றேன்.

புது வருஷம் வந்தது. புல் விரித்தாகிவிட்டது. ஆவாரம்பூக் கொத்து வாசலில். காபி கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. போன் அடிக்கவில்லை. இவர் போட்டாலும் போகவில்லை. அங்கே ஏதோ கலவரம், நெட்டை நிறுத்தியிருக்கிறார்கள் என்று டிவியில் கீழே ஓடிய வரியில் வந்தது. அதைப் படித்துவிட்டு நாங்கள் எல்லோரும் நிம்மதி அடைந்தோம். கலவரத்தைப் பார்த்து நிம்மதி அடைந்த தெரு உலகத்திலேயே எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

சிலுவைப் பண்டிகை வந்தது. இந்த முறை பாய் கம்பத்தை நேராக நடவில்லை. மேற்குப் பக்கம் நன்றாகச் சாய்த்தே நட்டார். என்ன பாய், கள்ளாட்டமா என்று கேட்டேன். அல்லாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யறேன் என்றார். கொளுத்தியதும் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. கம்பம் முறுக்கிக்கொண்டு கிழக்கே வந்து என் கடையின் பின்கதவில் விழுந்தது. கதவு கருகியது. பாய் தண்ணீர் ஊற்றி அணைத்தார். பிறகு அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கதவு போனால் போகிறது பாய் என்றேன். கேட்டாரோ இல்லையோ தெரியவில்லை.

ஜனவரியில் அவர்கள் கிறிஸ்துமஸ் வந்தது. அதற்கும் போன் அடிக்கவில்லை. நெட் திரும்ப வந்துவிட்டதாக அதற்குள் செய்தி வந்திருந்தது. அந்தச் செய்தியை நான் பாயிடம் சொல்லவில்லை. அவரும் அதைப் படித்துவிட்டு என்னிடம் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது.

பொங்கல் முடிந்து அந்த ஞானஸ்நானப் பண்டிகை. நான் வாசலில் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தேன். தொண்டூரார் சும்மா எட்டிப் பார்க்க வந்திருந்தார். போன் அடித்தது. அல்மாஸ் எண்தான். பாய் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். திரையில் அல்மாஸ் ஜாடையில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி. எங்களைப் பார்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் 'சாப்டியா' என்று கேட்கவில்லை.

அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அல்மாஸின் தங்கை. அவள் பேசியது ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் எல்லாம் புரிந்தது. பாய் மாற்றிச் சொன்னார்: காய்ச்சலாம். அந்த ஐந்து நாள் மாதத்தில், புது வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். தங்கை வேறு ஊரில் இருந்தாள். அல்மாஸின் பெட்டியிலிருந்து போனை எடுத்துத் திறக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. புது வருஷத்துக்கும், சிலுவை நாளுக்கும், கிறிஸ்துமஸுக்கும் பாய் புல் விரித்து உட்கார்ந்திருந்தபோது அவள் இல்லவே இல்லை.

பாய் அழவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். என்னைப் பார்த்து, மோட்டார் பழுதை விளக்குகிற அதே குரலில் சொன்னார்.

"அங்க ஏழெட்டு வருஷம் பின்னாடிதானே ஓடுது, கண்ணாடிக்காரரே. அந்தக் கணக்குல பாத்தா அவ போறதுக்கு இன்னும் வருஷம் இருக்குது."

நான் வருஷக்கணக்கில் அவரைக் கேலி செய்தே பிழைத்தவன். ஆமாம் பாய் என்றேன்.

அதற்குப் பிறகு பாய் வேலைதான் செய்தார். பேச்சு இல்லை. மணி கேட்டால் சரியான செஞ்சி மணியைச் சொன்னார். கடிகாரத்தையும் திருத்தி வைத்துவிட்டார். நாலு மணிக்கு வரச் சொன்னவர்கள் நாலு மணிக்கே வந்து, நாலு மணிக்கே வாங்கிக்கொண்டு போனார்கள். திட்டு விழாததால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்தபடியே போனார்கள்.

மார்ச் வந்தது. அந்த ஜெயித்த நாளும் வந்தது. காலையில் நான் கடை திறக்க வந்தபோது பாய் கடை ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருந்தது. சாக்பீஸ் எழுத்து இல்லை. புல் இல்லை. அழுக்குக் கைலியோடு பாய் மிஷின் முன்னால் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். இந்த நாட்களில் கடை திறக்க மாட்டாரா என்று தெருவே ஏங்கிய காலம் ஒன்று உண்டு. திறந்துவிட்டார். ஒருவரும் உள்ளே போகவில்லை. எதிர் டீக்கடையில் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு, ஏதோ விபத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது தொண்டூரார் மொபட்டில் வந்தார். முன்னால் மோட்டார். கோடை மணிலா போட்டிருந்தார். பூ மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் நேரத்தில், முந்தின நாள் கரண்ட் ஏறி இறங்கிக் காயில் எரிந்துவிட்டது. அந்த வெயிலில் ஒரு நாள் தண்ணீர் நின்றால்கூடப் பூ கருகிவிடும். போன தடவை அவர் பட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பட்டதை அவர்தான் எங்களுக்கு மறக்கவிடவில்லையே.

மோட்டாரை இறக்க ஒரு காலை ஊன்றியவர், திறந்திருந்த ஷட்டரைப் பார்த்தார். உள்ளே பாயைப் பார்த்தார். ஊன்றிய காலை எடுத்தார்.

"இன்னா பாய், கடையைத் தொறந்து வச்சிருக்க?"

"மோட்டாரை எறக்கு, தொண்டூராரே. சாயங்காலத்துக்குள்ள கட்டித் தரேன்."

"இன்னிக்கு லீவு பாய். நான் நாளைக்கு வரேன்."

சொல்லிவிட்டு மோட்டாரோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாய் கம்பியைப் பிடித்த கை அப்படியே நிற்க, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கறார் பேர்வழி என்று பெயரெடுத்த மனுஷன், கருகுகிற பயிரை விட்டுவிட்டுப் போகிறான் என்பது எங்களுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மொபட் திரும்ப வந்தது. இந்த முறை மோட்டார் இல்லை. பின்னால் ஒரு கட்டுப் பச்சைப் புல். அந்தக் கோடையில் அவர் வரப்பில் மிச்சமிருந்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். கட்டைத் தூக்கிப் பாய் கடைக்குள் போட்டார்.

"மாட்டுக்கு அறுத்தது. விரிச்சுக்கோ."

பாய் எழுந்திருக்கவில்லை. தொண்டூராரே குனிந்து விரித்தார். வயல் வேலை செய்த கை, ஒழுங்காகத்தான் விரித்தது. நான் என் கடையைச் சாத்திவிட்டு, பழக்க தோஷத்தில் கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாய் எழுந்து போய் முகம் கழுவினார். அந்த வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, மேலே பரணிலிருந்து அந்தக் கறுப்புக் கூஜாவை எடுத்தார். கொட்டை வறுபடும் வாசனை தெருவில் இறங்கியதும், டீக்கடையில் நின்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

போன் மிஷின் மேல் வழக்கமான இடத்தில் சாய்ந்து கிடந்தது. கறுப்பாக. முதல் சுற்று குடித்தோம். தொண்டூரார் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது சுற்றும் போனது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே தொண்டூரில் பூ என்ன ஆகிக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்தேன், அவரும் நினைத்திருப்பார். மூன்றாவது சுற்றைப் பாய் ஊற்றினார். நாலு கப்பில் ஊற்றினார். ஒன்றைப் போனுக்கு முன்னால் வைத்தார்.

தொண்டூரார் பரக்காவைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கப்பைப் புல் மேல் வைத்தார். அவருடைய பெரிய குரலை அவ்வளவு தணித்து நான் கேட்டதே இல்லை.

"சாப்டியா, பாய்?"

அல்மாஸ் கேட்பது போலவே கடைசியில் கொஞ்சம் இழுத்துக் கேட்டார். வேண்டுமென்று இழுத்தாரோ, தானாக வந்ததோ தெரியாது. ஜனவரியிலிருந்து அழாத பாய், இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அழுதார். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தொண்டூரார் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்மாஸ் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து யாருமே பாயிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டாயா என்று கேட்காமல் யாரிடமும் பேச்சை ஆரம்பிக்காத ஊர் இது.

அழுது முடித்ததும் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூஜாவை ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மண்டி இருந்தது. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு என்றார். இன்னொரு கப் வேண்டும் என்று நான் நீட்டினேன். மூணுக்கு மேல அந்த ஊர்ல பேரே கிடையாது என்றார். பேர் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஊற்றுங்கள் என்றேன்.

எனக்குக் காபி பிடிக்காது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அதைக் கடைசி மண்டி வரை குடித்தேன்.